பாடும் வாவியும் கேளாச் செவியும்

மட்டக்களப்புக்குப் போகிறோம் என்று யாரிடம் சொன்னாலும், "பாடும் மீனைக் கேட்டுவிட்டு வாருங்கள்" என்றே சொல்லி அனுப்புகின்றனர். எமக்கோ மட்டக்களப்பு புதிய ஊரன்று. எம் இல்லாளின் பிறந்தகம் கல்லடி. மணம் புரிந்த நாள்தொட்டு ஆண்டுக்கு இரு முறையேனும் அங்கு போய் வருகிறோம். இருந்தும், இத்தனை ஆண்டுகளில் ஒரு தடவையாவது அந்த மீனின் பாட்டு எம் காதில் விழுந்ததில்லை. ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு தடை. ஒருமுறை மழை, ஒருமுறை பிள்ளைக்குக் காய்ச்சல், மற்றொருமுறை கட்டுக்கட்டாகப் பரீட்சை விடைத்தாள்கள். இவை எல்லாவற்றிலும் பெரிய தடை எம் மாமனார்.

"அதெல்லாம் அந்தக் காலம், தம்பி. இப்ப ஊரி பாடுறல்ல. புதுப் பாலம் போட்டதோட நிண்டு போச்சு" என்று அவர் சொல்லிவிடுவார். வாவியில் வாழும் சிப்பி சங்கு வகைகளை அவ்வூரார் ஊரி என்பர். பாடுவது மீனன்று, ஊரியே என்பது பழைய கல்லடிக்காரரின் கட்சி. வாவிக்கரையிற் பிறந்து, சிறு வயதில் தந்தையாருடன் தோணியேறி வலை வீசியவர் இப்படிச் சொல்லும்போது, கல்லூரியிற் பௌதிகவியல் கற்பிக்கும் நாம் எந்தச் சூத்திரத்தைக் காட்டி மறுப்பது? பேசாதிருந்துவிடுவோம்.

இம்முறை ஆனிப் பூரணைக்கு நாம் போனபோது நிலைமை மாறியது. பன்னிரண்டு வயது நிரம்பிய எம் மகள், பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. "கேட்காமல் எப்படி எழுதுவது?" என்று அவள் கேட்ட கேள்விக்கு அவளுடைய அம்மப்பாவிடமும் விடையில்லை, எம்மிடமும் விடையில்லை. ஆகவே தோணிக்குச் சொல்லியாயிற்று.

கல்லடியைக் காணாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். மட்டக்களப்பு நகருக்குக் கிழக்கே வாவி. வாவிக்குக் கிழக்கே கல்லடி. கல்லடிக்குக் கிழக்கே கடல். இரு நீருக்கும் நடுவே கிடக்கும் மணற்றிட்டு என்றே சொல்லலாம். பிரித்தானியர் காலத்தில், 1920களில், தேசாதிபதி மானிங் அவர்களுடைய மனைவியாரின் பெயரால் வாவியின் மேல் ஓர் இரும்புப் பாலம் எழுந்தது. பேருந்து ஏறினால் பாலம் முழுவதும் கடகடவென்று அதிரும். அதன் அருகே 2013இல் அகன்ற புதுப் பாலம் திறக்கப்பட்டது. பழையது இன்று மாலை நேரத்திற் காற்று வாங்குவோருக்கு வாய்ப்பான இடம். எமக்கென்னவோ பழைய பாலத்தின்மீதே பற்று அதிகம். அதற்கு நியாயம் கேட்டால் சொல்லத் தெரியாது.

இசையைப் பற்றிப் பேசுகையில் இவ்வூரின் மற்றொரு பெருமையைச் சொல்லாமல் விடலாகாது. யாழ் நூல் இயற்றிய சுவாமி விபுலாநந்தர் 1947ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் மறைந்தபோது, அவரது திருவுடல் அடக்கம் செய்யப்பட்டது கல்லடி உப்போடையில், அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயத்தின் அருகிலேயே. மறைந்துபோன பண்டைய யாழின் நரம்புகளுக்குக் கணக்கிட்டுச் சுருதி கண்ட பெரியார் அவர். இவ்வாவியின் ஓசையைப் பொருளாக வைத்து 'நீரர மகளிர்' பாடலையும் அவர் இயற்றினார். அன்று காலை எம் மகளுடன் அச்சமாதிக்குச் சென்று வணங்கினோம். நுண்ணிய ஓசையைத் தேடிப் போவோர்க்கு அவரைவிடச் சிறந்த வழித்துணை யார்?

மாலையிற் கடற்கரைக்குச் சென்றோம். 2004 மார்கழி 26ஆந் தேதி ஆழிப்பேரலை புகுந்த கரை அது. அன்றைய தினத்தைப் பற்றி மாமா எப்போதும் பேசுவதில்லை, நாமும் கேட்பதில்லை. கிழக்கே நோக்கி நின்ற மகள் திடீரென்று, "அப்பா, உலகத்திலேயே மிகப் பெரிய சத்தம் எது?" என்றாள்.

அவள் நோக்கிய திசையிலேதான் விடை இருந்தது. அக்கடலுக்கு அப்பால், ஏறக்குறைய 3000 கிலோமீற்றர் தொலைவில், சுமாத்திராவுக்கும் சாவகத்துக்கும் இடையே கிறக்கற்றோவா என்ற எரிமலைத் தீவு உள்ளது. 1883 ஆவணி 27ஆந் தேதி காலை பத்து மணியளவில் அது வெடித்துச் சிதறியது. ஏறத்தாழ 64 கிலோமீற்றருக்கு அப்பால் நின்ற 'நோர்ஹாம் காசில்' என்ற ஆங்கிலக் கப்பலின் தலைவர், தம் மாலுமிகளிற் பாதிப்பேருக்கு மேல் செவிப்பறை கிழிந்துவிட்டதாக எழுதிவைத்தார். 160 கிலோமீற்றர் தொலைவிலிருந்த பத்தேவியா நகரின் வாயுத் தொழிற்சாலையில் அழுத்தமானி ஒரேயடியாக ஏறியது. அந்த ஏற்றத்தைக் கொண்டு கணித்தவர்கள், அவ்வளவு தூரத்திலும் ஒலியின் அளவு 172 டெசிபல் என்கின்றனர். இந்து சமுத்திரத்தின் மறுபுறத்திலே, 4800 கிலோமீற்றர் கடந்து, றொட்றிகோ தீவில் இருந்தோர் நான்கு மணி நேரம் கழித்துத் தூரத்துப் பீரங்கி என்று நினைத்தனர். இலங்கையிலும் அவ்வொலி கேட்டது. ஒலி காற்றிற் செக்கனுக்கு 340 மீற்றர் அளவில் ஓடுவது. ஆகவே இக்கரைக்கு வந்து சேர அதற்கு இரண்டரை மணி நேரம் பிடித்திருக்கும்.

"இங்கே கேட்டவர்களின் காது உடையவில்லையா?" என்று கேட்டாள் மகள். இல்லை, தூரம் அவர்களைக் காத்தது. திறந்த வெளியில், ஒலியிலிருந்து நாம் நிற்கும் தூரம் இரட்டிக்கும்போது அதன் அளவு 6 டெசிபல் குறையும். பணம் செலவில்லாத பாதுகாப்பு இதைவிட வேறில்லை. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியின் வாயருகே போய் நின்று குழந்தையைத் தோளில் ஏற்றி வைத்திருக்கும் தந்தையரைக் காணும்போதெல்லாம் பத்தடி பின்னே இழுத்துவிட எமக்குக் கை துடிக்கும். பக்தியில் நாமும் குறைந்தவரல்லர். ஆனால் முருகனுக்குக் காது மந்தம் என்று எந்தப் புராணமும் சொல்லவில்லை.

இரவு எட்டு மணிக்கே வாவிக்கரைக்குப் போய்விட்டோம். அக்கரையில் எங்கோ திருமண வீடு; ஒலிபெருக்கிப் பாட்டு நீரின்மேல் தவழ்ந்து வந்து காதை நிறைத்தது. தோணிக்காரர், "பத்து மணி மட்டும் பொறுங்க" என்றார். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்று 2007ஆம் ஆண்டில் நம் நாட்டு உயர் நீதிமன்றம் விதித்த கட்டளை அன்று எமக்கு வரமாய் வாய்த்தது. பத்தே கால் மணிக்குப் பாட்டு அடங்கிற்று. பாலத்தில் வண்டிகளும் குறைந்தன. தோணி, பாலத்துக்குத் தெற்கே, பாறைகள் உள்ள இடத்தை நாடிச் சென்றது. மாமாவும் உடன் வந்தார். வரமாட்டேன் என்றவரைப் பேர்த்தி கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள்.

பாட்டைக் கேட்கும் முறையைத் தோணிக்காரர் காட்டினார். துடுப்பின் அகன்ற முனையை நீருக்குள் ஆழ விட்டு, மறுமுனையைக் காதோடு சேர்த்து வைக்க வேண்டும். 1848இல் மட்டக்களப்புக்கு வந்த எமர்சன் தெனந்து என்ற அரசாங்க அதிகாரியும் நிலவொளியில் தோணியேறிச் சென்று, தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஓசை மிகுந்து கேட்டதைத் தம் நூலிற் குறித்துள்ளார். பின்னர் 1950களில் லாங் என்ற அமெரிக்க யேசு சபைத் துறவியார் அவ்வோசையை ஒலிப்பதிவு செய்தார். பாடுவது எந்த உயிர் என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.

மரம் எதற்கு? இதில் ஓர் அழகான பௌதிகம் உண்டு. நீருக்குள் எழும் ஒலி, நீரின் மேற்பரப்பை அடைந்ததும் ஏறத்தாழ முழுவதும் உள்ளேயே தெறித்துவிடுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கே காற்றுக்குள் கசியும். துடுப்பு, நீருக்குள்ளிருந்து செவிக்கு ஒரு நேர்வழியை அமைத்துக் கொடுக்கிறது. இதே சங்கடம் நம் காதிலும் தலைகீழாக உண்டு. காற்றில் வரும் ஒலி, உட்செவியிலுள்ள நீர்மத்துக்குள் புக வேண்டும். அங்கே துடுப்பாக உதவுபவை சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு என்னும் மூன்று சிறு என்புகள். செவிப்பறையின் அதிர்வை அவை வாங்கி, அழுத்தத்தை இருபது மடங்குக்கு மேற் பெருக்கி, உள்ளே செலுத்துகின்றன. உள்ளே இருப்பதோ நத்தைச்சுருள். இரண்டரைச் சுற்றுச் சுற்றிய, நத்தையோடு ஒத்த ஒரு குழல். கல்லடி வழக்கிற் சொன்னால், ஒவ்வொருவர் காதிலும் ஓர் ஊரி இருக்கிறது.

துடுப்பை முதலில் மகள் வாங்கினாள். சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். "கேட்கிறதா?" என்று கேட்ட தாயைக் கையமர்த்தினாள். அடுத்து நாம் வாங்கினோம். முதலில் எம் சொந்த இரத்தவோட்டத்தின் இரைச்சல். பின் நீரின் சலசலப்பு. அதன் பின், வெகு தூரத்து அறையில் யாரோ தம்புராவை மீட்டிவிட்டுக் கையெடுத்தாற்போல் ஒரு கார்வை. ஒன்றன்று, பல. மேலே சன்னமாய்ச் சில, கீழே கனத்த குரலில் ஒன்று, விட்டுவிட்டு. இத்தனை ஆண்டு காத்திருந்தது வீண்போகவில்லை.

"மாமா, நீங்கள் கேளுங்கள்" என்று துடுப்பை நீட்டினோம். வாங்கிக் காதில் வைத்தார். நிலவு அவர் முகத்தில் அடித்தது. வெகு நேரம் வைத்திருந்தார். வலக்காது, இடக்காது, மீண்டும் வலக்காது. பின்பு துடுப்பை மெல்லத் தோணியின் குறுக்கே கிடத்திவிட்டு, "ஓம், கேக்குது" என்றார். கேட்கவில்லை என்பது எம் எல்லோருக்கும் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. இத்தனை காலமும் புதுப் பாலத்தின்மேற் சாட்டிய பழியை அவர் அந்த நிமிடத்தில் எங்கே இறக்கி வைப்பார்?

மாமா முப்பத்தோராண்டு ஒரு நெல்லாலையில் இயந்திரம் ஓட்டியவர். ஆலைக்குள் பக்கத்தில் நிற்பவரோடு பேசவும் கத்த வேண்டும். ஒரு கை தூரத்தில் உள்ளவரோடு உரத்துப் பேசினாலன்றிக் கேட்காது எனில், அங்கே ஒலி 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். நம் உரையாடல் 60 டெசிபல் அளவினது. 90க்கும் 60க்கும் வித்தியாசம் ஒன்றரை மடங்கென்று மாணவர் சிலர் எழுதுவர், அது பெரும்பிழை. டெசிபலில் ஒவ்வொரு பத்துக்கும் ஒலியின் வலு பத்து மடங்கு ஏறும். ஆகவே முப்பதுக்கு ஆயிரம் மடங்கு. 85 டெசிபலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வேலை செய்யலாம் என்று ஒரு வரம்பு வகுத்துள்ளனர். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு நான்கு மணி. 91க்கு இரண்டு மணி. 100க்குக் கால்மணி நேரந்தான். பிள்ளைகள் காதுக்குள் செருகிக்கொண்டு திரியும் சிறு ஒலிப்பான்களில் முழு அளவு திருப்பினால் அந்த 100 எட்டாத உயரமன்று.

மிகைச் சத்தம் காதில் என்ன செய்கிறது? நத்தைச்சுருளின் உள்ளே ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. நீர்மம் அசைய, அவற்றின் நுனியிலுள்ள நுண்மயிர்கள் சாயும். அச்சாய்வே மின்குறியாய் மூளைக்குச் செல்லும். காற்றிற் சாயும் நெற்பயிரை எண்ணிக்கொள்க. மிதமான காற்றில் சாய்ந்தது நிமிரும். திருவிழா இரவில் வீடு திரும்பியதும் காது அடைத்து 'ஙொய்' என்று இரைந்து, மறுநாள் தெளிகிறதே, அது சாய்ந்து நிமிர்ந்த பயிர். நாள்தோறும் புயலடித்தால் பயிர் மடியும். வயலிலென்றால் அடுத்த போகம் விதைக்கலாம். மனிதக் காதில் மறுபோகம் கிடையாது. கோழிக்கும் குருவிக்கும் அழிந்த மயிர்க்கலங்கள் மீண்டும் முளைக்கின்றன. நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

சுருளின் வாயிலில் நிற்பவை உயர்ந்த சுருதியைக் கேட்பவை. உள்நுனியில் நிற்பவை தாழ்ந்த சுருதிக்கு உரியவை. இரைச்சல் முதலிற் சிதைப்பது செக்கனுக்கு 4000 அதிர்வுகள் அளவிலான இடத்தை. அதனால் தொடக்கத்தில் யாருக்கும் நட்டம் தெரிவதில்லை. உயிரெழுத்துக்கள் கனமாய்க் கேட்கும்; வல்லெழுத்துக்களின் கூர்மை மழுங்கும். 'பத்து' என்றால் 'பட்டு' என்று விளங்கும். ஆண் குரல் புரியும், குழந்தையின் குரல் புரியாது. பின்னர் வயதும் சேர்ந்துகொள்ள, மெல்லிய ஓசை யாவும் ஒவ்வொன்றாய் விடைபெறும். "மாமாவுக்குப் பேர்த்தி பேசினால் பிடிப்பதில்லை, எழுந்து போய்விடுகிறார்" என்று எம் இல்லாள் பல நாள் வருந்தியதுண்டு. பிடிக்காமலன்று, பிடிபடாமல் என்று பௌதிக ஆசிரியனாகிய நாமே உணராதிருந்தோம். வெட்கப்பட வேண்டியது அவரல்லர்.

வெடியோசையின் கதை வேறு. உரத்த ஒலி வந்தால், காதினுள் உள்ள ஒரு சிறு தசை ஏந்தியுருவை இழுத்துப் பிடித்து ஒலியை ஓரளவு தணிக்கும். ஆனால் அது விழித்துக்கொள்ளச் செக்கனில் பத்தில் ஒரு பங்கு வேண்டும். வெடியோ ஆயிரத்தில் சில பங்கிலேயே வேலையை முடித்துவிடும். 140 டெசிபலுக்கு மேற்பட்ட ஒரே ஒரு வெடி, முப்பதாண்டு ஆலை செய்ததை ஒரு கணத்தில் செய்யவல்லது. எம் தலைமுறைக்கு இது ஏட்டறிவன்று. பதுங்கு குழிக்குள் எம் தாயார், "காதைப் பொத்து, வாயைத் திற" என்று கத்தியது இன்றும் நினைவிருக்கிறது. வாயைத் திறந்தால் தொண்டைக் குழாய் வழியே செவிப்பறையின் உட்புறத்து அழுத்தமும் சமப்படும், பறை கிழிவது குறையும் என்ற விளக்கத்தை நாம் படித்தது பல ஆண்டு கழித்து. 2009இல் வெடியோசை ஓய்ந்தது. இரண்டாம் முறை கேட்கும் தந்தையரும், ஒருபக்கம் தலை சாய்த்துக் கேட்கும் அன்னையரும் வடக்கிலும் கிழக்கிலும் எல்லா ஊர்களிலும் இருக்கின்றனர்.

தோணிக்குத் திரும்புவோம். யாரும் பேசவில்லை. மகள்தான் துடுப்பை மீண்டும் எடுத்தாள். ஒரு காதில் அதை வைத்துக்கொண்டு, அம்மப்பாவின் முழங்கையில் விரலால் தட்டத் தொடங்கினாள். கேட்கும்போது தட்டினாள், ஓய்ந்தபோது நிறுத்தினாள். தாளம் ஒழுங்காயில்லை, பாடுவது பாகவதரன்றே. சிறிது நேரம் சும்மா இருந்த மாமா, "குடு பாப்பம்" என்று துடுப்பை வாங்கினார்.

அப்போது எமக்கு ஒரு யோசனை தோன்றியது. காதுத் துவாரத்தில் வைக்காமல், காதின் பின்புறத்து எலும்பில் அழுத்தி வைக்கச் சொன்னோம். இறந்த மயிர்க்கலத்தை எலும்பு எழுப்பாது. ஆயினும் தாழ்ந்த சுருதிக்குரியவை கடைசிவரை பிழைத்திருப்பது வழக்கம்; அழுத்தி வைத்தால் மரத்தின் அதிர்வு நழுவாமற் போய்ச் சேரும். மாமா துடுப்பை எலும்பில் ஊன்றிக்கொண்டார். பேர்த்தியின் விரல்கள் அவர் கையிலேயே இருந்தன.

"ஒண்டு கேக்குது" என்றார் மெதுவாக. "அடிக்குரல். ஒண்டு மட்டுந்தான்."

"மேலே இன்னும் நிறைய இருக்கிறது, அம்மப்பா" என்றாள் அவள், அவருக்குக் கேட்கும்படி உரக்க.

"தெரியும் மனே. எல்லாம் எனக்குத் தெரியும். சின்னனில கேட்டதுதானே." சற்றுப் பொறுத்து, "அப்ப ஊரி நிப்பாட்டல்ல" என்றார்.

கரைக்கு வரும்போது நள்ளிரவு கடந்துவிட்டது.

மறுநாட் காலை. அதே ஆலையை இன்று நடத்துபவர் எம் மைத்துனர். சென்ற ஆண்டு நாம் வாங்கிக் கொடுத்த காதுக்கவசம் ஒன்று திண்ணைச் சுவரின் ஆணியில், ஒட்டடை படிந்து, தொங்கிக்கொண்டிருந்தது. 'சூடாயிருக்கிறது, வேர்க்கிறது' என்று அவர் அதை மாட்டியதே இல்லை. மாமாவும் அப்போது மகன் பக்கந்தான்; "நான் என்ன மாட்டிக்கொண்டா வேல செஞ்சன்?" என்பார். அன்று மைத்துனர் துவிச்சக்கர வண்டியைப் படலை வரை உருட்டிப் போனபோது, மாமா திண்ணையிலிருந்து எழுந்தார். ஆணியிலிருந்து அதைக் கழற்றித் தம் வேட்டித் தலைப்பால் ஒருமுறை துடைத்தார். படலையடிக்கு நடந்து போய், ஒன்றும் சொல்லாமல், மகனுடைய வண்டியின் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்து அமர்ந்தார்.